ஆறு மில்லி நீளம் கூடிய ரேஸ் கார்

தேக்குத் தூளும் பச்சை எனாமல் பெயின்டும் கலந்த வாசனை ஒன்று உண்டு. இன்று காலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டியபோது லேசாக வந்தது. வந்ததாக எனக்குத் தோன்றியிருக்கவும் கூடும்... நாற்பது வருடத்துக்குப் பிறகு பெயின்ட் மணக்குமா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டிக்குள் இருப்பது ஒரு ரேஸ் கார். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு.

அப்போது எனக்குப் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் வேலை. பேட்டர்ன் ஷாப். அலுமினியத்தில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து கொடுப்போம். மாடியில் டிராயிங் ஆபீஸ். அங்கே ரீட்டா. படம் வாங்கத்தான் மாடிக்குப் போவேன். வாங்கப் படம் இல்லாத நாட்களிலும் போகிறேன் என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, இந்தப் படத்த நேத்தே வாங்கிட்டுப் போனீங்களே?"

அப்படித்தான் தொடங்கியது. ஒரு வருடத்தில், 'எங்கப்பாகிட்ட வந்து கேளுங்க' என்ற இடத்தில் வந்து நின்றது. நானும் நின்றுவிட்டேன். காலேஜ் படிப்பெல்லாம் படித்திருந்தும், பெரியவர்கள் முன்னால் எனக்கு ஒரு முழு வாக்கியம் வராது.

அவள் அப்பா அருளப்பன் சிங்காநல்லூரில் ஷெட் வைத்திருந்த மோட்டார் மெக்கானிக். இளவயதில் தன் கையாலேயே ஒரு ரேஸ் கார் கட்டி, மெட்ராஸ் வரை கொண்டுபோய் ஓட்டியவர். ஒரே சீட், கம்பிச் சக்கரம், வாழைப்பூ மாதிரி கூரான வால். பிறகு அதை விற்றுவிட்டார். ஒரு போட்டோவும், அளவுகள் குறித்த ஒரு நோட்டும்தான் மிச்சம்.

"பேச வரலைன்னா செஞ்சு காட்டுங்க. அந்தக் காருன்னா அப்பாவுக்கு உசுரு" என்று சொல்லி, ரீட்டா அந்த நோட்டைச் சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுவந்தாள்.

ஏழு மாதம் ஆனது.

ஒரு சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுக் கம்பி... சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து இழை இழையாகக் கோத்தேன். டயர், பம்ப்செட் ரப்பர் புஷ்ஷை லேத்தில் கடைந்தது. முன்கண்ணாடிக்கு என் பிளாஸ்டிக் செட்ஸ்கொயரை வெட்டினேன். சீட்டுக்கு ரீட்டாவின் பழைய ஹேண்ட்பேக் தோல். அடிச்சட்டமான சேஸியைப் பித்தளையில் வீட்டில் செய்தேன். அதன் மேல் உட்காரும் தேக்குப் பாடியை, வேலை முடிந்த மாலைகளில், ஷாப்பிலேயே செதுக்கினேன்.

ஈஸ்டருக்கு அவர்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ரீட்டாவைப் பார்க்க வருவதாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, சேஸியையும் பாடியையும் முதல்முறையாகச் சேர்த்தேன். மூக்கைப் பொருத்தினால், பின்னால் வால் ஆறு மில்லி வெளியே நீட்டியது. மூன்று முறை அளந்தேன். நோட்டைப் புரட்டினேன். என் கணக்கைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் ஸ்கேல் ஞாபகம் வந்தது...

உருக்கி ஊற்றிய அலுமினியம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் மரப் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமலிருக்க, கோடுகளைச் சற்றே தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் ஒன்று ஷாப்பில் இருக்கும். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். பார்க்கச் சாதாரண ஸ்கேல் போலவே இருக்கும். சேஸியை வீட்டு ஸ்கேலில் அளந்திருந்தேன். பாடியை, கைப்பழக்கத்தில், இந்த ஷாப் ஸ்கேலில் அளந்துவிட்டேன்.

வாலை அறுத்தால் வடிவமே போய்விடும். மறுநாள் அப்படியே துணியில் சுற்றி ரீட்டா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அருளப்பன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அட... கியர் லிவரக்கூட வெளிப்பக்கமா வெச்சுப்போட்டீங்களே!" என்று குழந்தை மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் வந்தார். கட்டைவிரலை வால் மேல் வைத்தார்.

"வாலு இத்தன நீளமாங்க தம்பி?"

அவருக்குப் பின்னால் நின்ற ரீட்டா, ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

"தப்புங்க. ஷ்ரிங்கேஜ் ஸ்கேல்ல அளந்துபோட்டேனுங்க. ஆறு மில்லி அதிகம்."

அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

என்னையும் வாலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், துண்டால் கண்ணைத் துடைக்கும் அளவுக்கு.

"ஏன் கண்ணு, தேக்குக் கட்டைய உருக்கி ஊத்தலாம்னு இருந்தீங்களா?"

"அங்க என்னங்க சிரிப்பு?" என்று சமையலறையிலிருந்து ரீட்டாவின் அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்ல அம்மணி, மரம் ஆறிச் சுருங்கட்டும்னு ஒருத்தரு காத்துட்டு இருக்காரு!"

சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லாம உட்டிருந்தா என் நோட்டுலதான் தப்புன்னு நெனச்சிருப்பேன். அந்த நோட்டையும் ஏழெட்டு மாசமாத் தேடிட்டிருக்கேன்... சரி, வேற ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு இருக்குதுங்க" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் ரீட்டாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "அதையாச்சும் சரியான ஸ்கேல்ல அளந்தீங்களா?"

கோபி மாப்பிள்ளை வீட்டாருக்கு, வர வேண்டாமென்று, மறுநாளே தகவல் போய்விட்டது.

என் மகள் இப்போது சரவணம்பட்டியில், கம்ப்யூட்டரில் வார்ப்பு அச்சுகள் டிசைன் செய்கிறாள். சுருக்கம் எவ்வளவு என்று திரையில் ஒரு கட்டத்தில் நிரப்பினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்கிறதாம். நல்லதுதான். அன்று எனக்கு அது இருந்திருந்தால் கார் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். நானும் கச்சிதமாக வாயை மூடிக்கொண்டு, காபி குடித்துவிட்டு வீடு திரும்பியிருப்பேன்.

மாமனார் இப்போது இல்லை. ஈஸ்டர் வந்தால் காரைத் தூசி தட்டி, வாலை அளந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. முதலில் அவர் அளப்பார், இப்போது நான்.

இன்று அளந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ரீட்டாவின் குரல்:

"ஏனுங்க, சுருங்கிருச்சா?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

"இல்ல அம்மணி... அதே ஆறு மில்லி."