சாம்பல் தொட்டிக்கு மூன்று வாரம்

தெருவில் அவருக்கு அடிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகு திரும்பியதும் சொல்லாதவர்களும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, தராசுத் தட்டின் அடியில் விரலை விட்டுத் துழாவி, மெழுகு ஒட்டியிருக்கிறதா, காந்தம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சோதனை போட ஒரு கடையும் இல்லை. சமையலறைக்குள் போய் அளவுக் கரண்டிகளைச் சோதித்தார். மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வெளியில போய் ஏதாவது பண்ணுங்க" என்று அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால் தெரு பிழைத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நகராட்சி குப்பையில் புரட்சி செய்தது. புரட்சி என்றால் நான்கு தொட்டி. பச்சையில் சமையலறைக் கழிவு, வாரம் ஒரு முறை வண்டி. நீலத்தில் காகிதம், மஞ்சளில் பிளாஸ்டிக்கும் டின்னும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இந்த மூன்றிலும் சேராத அநாதைகளுக்கெல்லாம் சாம்பல் நிறத் தொட்டி. முன்பு அதையும் வாரா வாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்காமல் விட்டால் ஜனங்கள் குப்பை போடுவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று யாரோ ஒரு மேதாவிக்குத் தோன்றியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஆயிற்று. சோறு போடாவிட்டால் பசி தானாகக் குறையும் என்கிற மாதிரியான கண்டுபிடிப்பு.

எந்த வண்டி என்றைக்கு வரும் என்று காட்ட வீட்டுக்கொரு நாட்காட்டியும் கொடுத்தார்கள். பளபளவென்று வழவழப்பான தாள். வருடம் முடிந்ததும் இதை எந்தத் தொட்டியில் போடுவது என்று அடிக்கோல் எழுதிக் கேட்டார். பிளாஸ்டிக் பூசிய தாளை நீலத்தில் போடக் கூடாது, மஞ்சளிலும் கூடாது என்று பதில் வந்தது. பதிலும் அதே வழவழத் தாளில் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இருப்பதாக அவருக்குப் படவில்லை.

இப்படிப்பட்ட மனிதரும் அப்படிப்பட்ட திட்டமும் பொருத்தம் பார்க்காமலே பொருந்திப்போனதில் என்ன ஆச்சரியம்? நகராட்சி அவரைத் தெருத் தொண்டர் ஆக்கியது. பச்சை மேல்சட்டை ஒன்று கொடுத்தது, ஒரு கட்டு சிவப்புச் சீட்டும் கொடுத்தது. சாம்பல் தொட்டியின் மூடி நாலு விரலுக்கு மேல் தூக்கி நின்றால் சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டு ஒட்டிய தொட்டியை வண்டிக்காரர்கள் தொட மாட்டார்கள். யாருடைய நாலு விரல் என்று அவர் எழுதிக் கேட்டார். அதற்குப் பதிலே வரவில்லை. எனவே வீட்டிலிருந்த அடிக்கோலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பெயர் வந்த கதை இதுதான்.

மூன்று வாரம் போதாது என்று தெருக்கூட்டத்தில் நாலு பேர் முறையிட்டபோது எழுந்து நின்றவரும் அவர்தான். "மூணு வாரத்துல தொட்டி நிறையுதுன்னா குறை தொட்டியில இல்ல, குடும்பத்துல இருக்கு" என்றார். நகராட்சிக்காரர்களுக்கு அந்த வாக்கியம் தேன் மாதிரி இனித்தது. துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதுவும் வழவழத் தாள்.

அவர் வீட்டுக் குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் வருகிற அட்டைப்பெட்டியை மூன்று தண்ணீரில் அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். அட்டைகள் காய்ந்த பிறகுதான் புடவைக்கு இடம். சாம்பல் தொட்டிக்குப் போவது எதுவானாலும் பொட்டலமாகக் கட்டி, சணல் கயிற்றால் முடிந்து, மேலே ஒரு சீட்டு ஒட்டி, என்ன பொருள், என்ன எடை, என்ன தேதி என்று முத்து முத்தாக எழுதுவார். முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாக எழுதும். "இந்த வீட்டுல சீட்டு ஒட்டாம இருக்கிறது நான் ஒருத்திதான்" என்பாள் மனைவி.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா. தனி ஆள். முன்னறையில் மெஷின், பின்னறையில் படுக்கை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடைகளாகத் தைத்துத் தள்ளினாள். துண்டுத்துணி தொட்டியில் பொங்கி வழிந்தது. அடிக்கோல் அளந்து பார்த்துச் சிவப்புச் சீட்டை எடுத்தார்.

"சார், ஒரு விரல்தானே கூட இருக்கு. ரெண்டு வாரமா ராவும் பகலுமா தைச்சேன்" என்றாள்.

"ஒண்ணே கால் விரல்மா" என்று ஒட்டிவிட்டுப் போனார்.

ஆறு வாரம் அந்தத் தொட்டி அவள் வாசலில் சீட்டோடு நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

இந்த நிலையில்தான் மகள் ஐந்து மாதக் குழந்தையோடு வந்து இறங்கினாள். மாப்பிள்ளையைக் கம்பெனி மூன்று மாதம் வெளியூருக்கு அனுப்பியிருந்தது. கல்யாணமாகி நாலு வருடத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. "அங்க மூச்சு விட்டாக்கூட அது எந்தத் தொட்டின்னு அப்பா கேப்பார்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது மூன்று மாதம் முழுசாக இருக்கப்போகிறாள் என்றதும் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அடிக்கோலுக்கும் உள்ளூர ஆசைதான். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கையால் தூக்கியே எடை சொன்னார். ஐம்பது கிராம் கூட பிசகவில்லை.

பேத்தி நாளைக்கு ஏழு டயப்பர் நனைத்தாள். டயப்பருக்குப் பச்சை கிடையாது, நீலம் கிடையாது, மஞ்சளும் கிடையாது.

வண்டி வந்துபோன பத்தாம் நாள் தொட்டி நிறைந்தது. அதற்கு மேல் வந்தவை பின்பக்கம் வாளியில் காத்திருந்தன. வாளி இரண்டாயிற்று. ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாளி.

"துணி கட்டலாமே. உன்னையெல்லாம் துணியிலதான் வளர்த்தோம்" என்றார் அடிக்கோல்.

"நீங்க துவைக்கறதா இருந்தா கட்டலாம்பா" என்றாள் மகள்.

துவைத்தார். ஒரே ஒரு நாள். மறுநாள் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, மற்றவர்களும் எடுக்கவில்லை.

"அடுத்த வண்டி எப்போ?"

"இன்னும் ஒன்பது நாள்."

"ஒன்பது நாளா? குழந்தைய வெச்சுக்கிட்டு இந்த நாத்தத்துல என்னால முடியாதுப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நான் என் வீட்டுக்கே போயிடறேன்."

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். பச்சை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டே போனார். குப்பைப் பிரிவு குமாஸ்தா எழுந்து நாற்காலி போட்டான். அவன் தலைக்கு மேலே சுவரில் அவருடைய வாக்கியம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பெரிய தொட்டி உண்டு சார். குழந்தை பேர்ல குடியிருப்புச் சான்று மட்டும் வேணும்."

"அவ மூணு மாசத்துக்குத்தான் வந்திருக்கா."

"அப்ப விருந்தாளி. விருந்தாளி குப்பை நம்ம திட்டத்துல வராது சார். போகும்போது அவங்களே எடுத்துட்டுப் போயிடணும்."

"மூணு மாசக் குப்பையையா?"

"விதி அப்படித்தானே சார் இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?" என்று பணிவாகக் கேட்டுவிட்டு, மேலே சுவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். அவன் கிண்டல் செய்யவில்லை. அந்த அலுவலகத்தில் கிண்டல் செய்கிற அளவுக்கு மூளை உள்ளவனை விட்டுவைக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரு உண்ட மயக்கத்தில் இருந்தது. பக்கத்து வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வரைக்கும் தையல்காரம்மாவின் கண் ஊசியை விட்டு நகராது என்பதை அவர் இரண்டு நாளாகக் கவனித்து வைத்திருந்தார். சீருடைக் காலம் முடிந்து அவளுடைய சாம்பல் தொட்டி பாதிக்கு மேல் காலி என்பதும் தொண்டர் என்ற முறையில் அவருக்குத் தெரியும். எடையில் ஏமாற்றும் கடைக்காரர்கள் எத்தனையோ பேரின் கள்ளப் பார்வையைப் பிடித்தவர், அதே பார்வையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மூடியைத் தூக்கி, மூன்று பொட்டலங்களை உள்ளே இறக்கி, சத்தம் வராமல் மூடினார். வெள்ளிக்கிழமை இரண்டு. சனிக்கிழமை மத்தியானமும் இரண்டு. வாளி காலியாயிற்று, ஜன்னல் திறந்தது. "என்னப்பா பண்ணீங்க?" என்று மகள் கேட்டதற்கு, "நிர்வாகம்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் தையல்காரம்மா வந்தாள். கையுறை போட்டிருந்தாள். கூடத்தில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் மூன்று பொட்டலங்களை வரிசையாக வைத்தாள். மகள் குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"சார், உங்க வீட்டுப் பொட்டலம் வழி தவறி என் தொட்டிக்கு வந்துடுச்சு."

அடிக்கோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுதுன்னு எப்படிம்மா சொல்றீங்க? தெருவுல குழந்தை உள்ள வீடு வேற இல்லையா?"

தையல்காரம்மா ஒன்றைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "குழந்தைக் கழிவு. ஏழு எண்ணம். ஒரு கிலோ நானூறு கிராம். வியாழன், பிற்பகல் இரண்டு பத்து."

அடிக்கோல் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"நேரம் வேறயாப்பா" என்றாள் மகள்.

திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவன் உலகத்தில் எவ்வளவோ பேர். கொட்டிய குப்பைக்குத் தன் கைப்பட அத்தாட்சி எழுதிக் கூடவே வைத்துவிட்டு வந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஏழு பொட்டலத்திலும் ஒட்டியிருந்தார். ஒன்றில் எடையைத் தப்பாக எழுதி, அடித்து, திருத்திச் சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.

"இடம் இல்லன்னு நான் சொல்லல சார். பாதித் தொட்டி சும்மாத்தான் கெடக்கு. கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சரிம்மா, இப்ப கேக்கிறேன்."

"இங்க வேண்டாம். எனக்குச் சீட்டு ஒட்டினது தெருவுல வெச்சுத்தானே? நாளைக்குக் காலையில பச்சை வண்டி வரும்போது எல்லாரும் வாசல்ல நிப்பாங்க. அங்க வந்து கேளுங்க. கேட்டீங்கன்னா இந்த மூணு மாசமும் என் தொட்டி உங்க பேத்திக்கு. கேக்கலன்னா மிச்சம் நாலையும் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

அவள் போன பிறகு மகள் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள். "கோபமெல்லாம் இல்லம்மா. அப்பாவுக்கு உயிர் போனாலும் தெருவுல நின்னு கேக்க வராது. நாளைக்குக் காலையில எப்படியும் கிளம்பணும்" என்றாள். மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அன்றைக்கு அவர் தானே பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியின் மணி கேட்டதும் தெரு வாசலுக்கு வந்தது. எதிர் வீட்டுக் கண்டக்டர் பல் குச்சியோடு நின்றார். கோடி வீட்டு டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றாள். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் காலருகே வைத்து, வாசற்படியில் நின்றாள். அடிக்கோல் இறங்கிப் போய்த் தையல்காரம்மாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். மனு. பொருள், பார்வை, நாள் எல்லாம் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டது.

"கண்ணாடி எடுத்துட்டு வரல சார். வாயால சொல்லுங்க."

அவர் கனைத்தார். வண்டிக்காரன் இன்ஜினை அணைத்துவிட்டான். அந்த ஆளுக்கும் கேட்க வேண்டியிருந்தது.

"உங்க தொட்டியில... கொஞ்சம் இடம் வேணும்மா."

"எதுக்கு சார்?"

"பேத்திக்கு. எங்க தொட்டி நிறைஞ்சுடுச்சு."

"மூணு வாரத்துக்குள்ளயா?"

"பத்தே நாள்ல."

கண்டக்டர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"போடுங்க சார், குழந்தை விஷயம்" என்று தையல்காரம்மா உள்ளே போய்விட்டாள். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மூன்று மாதமும் இருந்தாள், அதற்கு மேல் ஒரு வாரமும் இருந்தாள்.

இதோடு விட்டிருந்தால் மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டிலேயே "பக்கத்து வீட்டோட ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றார். அடுத்த வாரம் அது "நான் யோசிச்ச ஏற்பாடு" ஆயிற்று. மாதம் முடிவதற்குள் நகராட்சிக்கு எட்டுப் பக்கம் எழுதினார். அரைத்தொட்டிப் பகிர்வுத் திட்டம் என்று அவர்களும் அதற்குப் பெயர் வைத்து, அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்து, தெரு விளக்குக் கம்பத்தில் ஒரு பெரிய அறிவிப்பும் ஒட்டினார்கள். வகுத்தவர் என்று அவர் வீட்டு எண். பயனாளி என்று தையல்காரம்மாவின் வீட்டு எண்.

தையல்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தாள். தாள் கெட்டியாக இருந்தது, கிழியவில்லை. பதமாக உரித்து எடுத்துக்கொண்டு போய், மேஜையில் குப்புறப் போட்டு, அதன் முதுகில் ஒரு சட்டைக் காலரின் அளவு மாதிரிக்குக் கோடு இழுத்து வெட்டினாள்.