சிகப்பி ஆச்சி இருந்த அறை

என் மனைவி கருப்பம்மாள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், பிடிவாதக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது பெரிய அநியாயம்.

ஒக்கூர்ப் பக்கம் ஒரு கூரை வீட்டில் பிறந்தவள். எட்டு வயதில், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், தெருவே பற்றிக்கொண்டது. அவள் அம்மா ஊருணிக்குப் போயிருந்தாள். தொட்டிலில் கிடந்த ஆறு மாதத் தம்பியைத் தூக்க இவள் உள்ளே ஓடினாள். முடியவில்லை. இடது முழங்கையில் தழும்போடு இவள் மட்டும் வெளியே வந்தாள்.

கல்யாணம் ஆன மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள், "எனக்கு நகைநட்டு ஒண்ணும் வேணாங்க. ஒரு ஓட்டு வீடு மட்டும் பாத்துருங்க." நானோ கல்லல் யூனியன் ஆபீசில் எழுத்தர். என் சம்பளத்துக்குக் கீற்று வேய்ந்த வீடுதான் வாடகைக்குக் கிடைத்தது. பதினாறு வருஷம் ஒவ்வொரு கோடையிலும் தலைமாட்டில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். "நீ என்னையக் கட்டிக்கிட்டியா, கொடத்தையா?" என்று கேலி செய்திருக்கிறேன். சிரிக்க மாட்டாள். அதற்கப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அறுபத்தெட்டில் அவளுக்கு வழி பிறந்தது. கல்லலுக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி ஒரு செட்டியார் வீடு விலைக்கு வந்தது. அரண்மனை என்று நினைக்க வேண்டாம். அந்த ஊர்க் கணக்குக்கு அது சின்ன வீடு. நடுவில் வானம் தெரியும் வளவு, அதைச் சுற்றி ஆறு அறைகள், பின்னால் அடுப்படி, மேலே நாட்டு ஓடு. சொந்தக்காரர்கள் பட்டணத்துக்கும் பினாங்குக்கும் போய், வீடு ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அவள் பங்குக்கு வந்த வயலை விற்றுத்தான் வாங்கினோம். அவள் வீட்டைப் பார்க்க வந்த அன்று வேறெதையும் பார்க்கவில்லை. வளவில் நின்று அண்ணாந்து ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் பத்திரம் பதியும்போதுதான் ஒரு விஷயம் வந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் பவர் கொடுத்திருந்தார்கள். குடும்பத்துக்குப் பெரியவராக மதுரையிலிருந்து தேனம்மை ஆச்சி வந்திருந்தார். அறுபது வயது, வெள்ளைச் சேலை, கணக்காகப் பேசும் மனுஷி. கூடவே அவர் கொழுந்தன் வயிரவன் செட்டியார். ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

"முத்துவீரன், தென்மேற்கு அறையில ஒரு ஓலைப்பெட்டி இருக்கு. சிகப்பி ஆச்சியோடது. அதை மட்டும் நாங்க எடுக்கணும். ஆனி முடியறதுக்குள்ள எடுத்துருவோம்."

சிகப்பி அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து, பத்தொன்பது வயதில் பிரசவத்தில் இறந்துபோனவள். ஐம்பது வருஷத்துக்கு முந்திய கதை. அவள் பேரில் ஒரு சேலையைப் பெட்டியில் வைத்து, வருஷம் ஒரு முறை குடும்பமே கூடிச் சமைத்து அவளுக்குப் படைப்பார்கள்; வீடு பூட்டியதிலிருந்து அதுவும் நின்றுபோயிருந்தது. அந்தப் பெட்டியை நினைத்தபோது தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக வந்து, படைத்து, அவளிடம் உத்தரவு கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

"அப்ப அதையும் பத்திரத்துல ஒரு வரி எழுதிருவமே" என்றேன்.

பத்திரம் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். "தெய்வமாப் போனவுகளை முத்திரைத்தாள்ல எழுதுறதா? வெளங்குமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரு கட்டுக் காகிதத்துக்குக்கூடக் கையெழுத்து வாங்காமல் விடாதவன், ஒரு அறையை வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் எவனும் அதைத்தான் செய்திருப்பான். அதற்காக என் மடத்தனம் குறைந்துவிடாது.

ஆனி வந்தது, ஆள் வரவில்லை. வயிரவன் செட்டியாருக்கும் அவருடைய இன்னொரு அண்ணனுக்கும் ஒரு கல்யாண வீட்டில் வாய்த் தகராறாகி, ஒருவர் வருகிற இடத்துக்கு மற்றவர் வருவதில்லை என்று ஆகிவிட்டதாம். அப்புறம் எங்கே எல்லாப் புள்ளியும் கூடுவது? வாடகை வீட்டுக்காரரோ மகள் குடும்பத்தோடு வருகிறாள், காலி பண்ணுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனியிலேயே குடிபோகக் கூடாது என்பார்கள்; ஆடியும் பிறந்துவிட்டால் புது வீட்டுக்குள் கால் வைக்கவே முடியாது. ஆனி இருபத்தெட்டாம் தேதி, ஒரு அறை பூட்டியபடியே பால் காய்ச்சினோம்.

"ஒரு அறைதான போகுது? மிச்சம் அஞ்சு இருக்குல்ல" என்றாள் கருப்பம்மாள்.

அந்த அஞ்சும் என்ன லட்சணம் என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கதவு சாத்தினால் திறக்காது, இன்னொன்று திறந்தால் சாத்தாது. கிணறு தூர்ந்து கிடந்தது. முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாதி பெயர்ந்து, மிதித்த இடமெல்லாம் ஆடியது. வௌவால்களை விரட்டவே ஒரு மாதம் ஆயிற்று. ஆபீசில் "என்ன முத்துவீரன், செட்டியாராயிட்டீகளா?" என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து எரிந்து விழுவேன். அவள் தூணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். தலைமாட்டில் குடம் வைப்பதை நிறுத்திவிட்டாள் என்பதைக்கூட நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

ஐப்பசி மழையில் விவகாரம் முற்றியது. பூட்டிய அறைக்கு மேலே ஓடு சரிந்திருந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அறைக்கும் நாங்கள் பிள்ளைகளோடு படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அது முதலில் நனைந்தது, பிறகு உப்பியது, பிறகு மேலிருந்து ஒரு முழம் விரிசல் விட்டது. மதுரைக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. "கூடிப் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளவும்."

ஆத்தங்குடியிலிருந்து கொத்தனார் மாயக்கண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, உத்திரம் அந்தப் பக்கம் எறங்கிருச்சு. இன்னும் ரெண்டு மழை தாங்காது. விழுந்தா இங்குட்டுத்தான் விழும். உள்ள போயி முட்டுக் குடுத்தாத்தான் நிக்கும்."

"பூட்டை ஒடைக்க முடியாதுப்பா" என்றேன். "கேஸ் போட்டா என் வேலையும் போயிரும், வீடும் போயிரும்."

பிள்ளைகளை அன்றே பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். கருப்பம்மாளுக்குத் தெரியாமல் நான் கல்லலுக்குப் போய், அறை இடியும் நிலையில் இருக்கிறது, உடனே வரவும் என்று தேனம்மை ஆச்சிக்குத் தந்தி கொடுத்தேன். தைரியத்தில் கொடுத்த தந்தி இல்லை அது. என்ன நடந்தாலும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று காட்டுவதற்குக் கையில் ஒரு ரசீது வேண்டியிருந்தது. எழுத்தன் புத்தி.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டது. தெற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. மாயக்கண்ணன் முட்டுக்கு இரண்டு பனங்கட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கருப்பம்மாள் அவனிடம் ஏணியைக் கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"கதவைத்தான் தொடக் கூடாது. ஓடு என் பேர்லதான பதிஞ்சிருக்கு? நாலு ஓட்டைப் பிரிச்சு மேல வழியா எறங்கிருவோம்."

மாயக்கண்ணன் இரண்டடி பின்வாங்கினான். "நான் பிரிச்சுத் தாரேன். உள்ள மட்டும் எறங்கச் சொல்லாதீகக்கா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்றாள் அவள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "ஏ, அவுக தெய்வம்டி அது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப் போச்சுன்னா?"

"செவரு விழுந்தா வீடு போயிரும். நான் மறுபடி கூரைக்குள்ள போக மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. நான் கையை விட்டுவிட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு வெட்கம்தான். நானல்லவா இறங்கியிருக்க வேண்டும்?

முதலில் அவள் குளித்துவிட்டு வந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்து மடியில் சுற்றிக்கொண்டாள். மாயக்கண்ணன் ஓட்டைப் பிரித்துக் கொடுக்க, இடுப்பில் கயிற்றைக் கட்டி அவளை இறக்கினோம். கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. உள்ளே கும்மிருட்டு. சளக்கென்று தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"கருப்பம்மா!"

யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவதுபோல் மட்டும் கேட்டது. மாயக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஐயனாரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டையை எறக்குங்க" என்று சத்தம் வந்தது. அவன் மேலிருந்து வழி சொல்லச் சொல்ல, அவள் தனியாகவே இரண்டு கட்டைகளையும் நிறுத்தி ஆப்பு அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் விரிசலிலிருந்து மண் உதிர்ந்தது. உத்திரம் முனகியது. பிறகு நின்றது. கடைசியாகக் கயிற்றில் ஒரு துணிச் சுருளைக் கட்டி அனுப்பினாள். பிழியப் பிழியத் தண்ணீர் ஒழுகும் பழைய பச்சைச் சேலை.

சிகப்பி ஆச்சியின் சேலை அது.

வெளியே வந்தவள் அதை நல்ல தண்ணீரில் அலசி வளவில் கொடி கட்டிக் காயப்போட்டாள். மழை விட்டு விட்டுப் பெய்ததால் அன்றும் காயவில்லை, மறுநாள் காலையிலும் காயவில்லை. பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் உள்ளே வந்தவர் வயிரவன் செட்டியார். கொடியில் தொங்கிய சேலையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அறைக்குள்ள ஆள் போயிருக்கு ஆச்சி! தொடக் கூடாததைத் தொட்டுருக்காக. விடக் கூடாது. போலீசுக்குப் போவோம், கிரயத்தையே ரத்துப் பண்ணுவோம்."

நான் என்னென்னவோ உளறினேன். சட்டைப் பையிலிருந்த தந்தி ரசீதைக்கூட எடுத்து நீட்டினேன். யாரும் அதைப் பார்க்கவில்லை. தேனம்மை ஆச்சி சேலையின் முந்தானையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அறைக்கதவுக்குப் போனார். இடுப்பிலிருந்த சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. வயிரவன் செட்டியாரும் முயன்றார். ஒன்பது வருஷத் துரு, அதற்கு மேல் ஒரு மாதத்து மழை. கடைசியில் மாயக்கண்ணனிடம் கடப்பாரை வாங்கி, அந்தப் பூட்டை உடைத்தவர் வயிரவன் செட்டியார்தான். எனக்கு அப்போதிருந்த பயத்திலும் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது.

அறை முழுக்கச் சேறு. நடுவில் இரண்டு பனங்கட்டைகள். ஓலைப்பெட்டி சுவர் அலமாரியின் மேல்தட்டில், நனையாத இடத்தில் இருந்தது. ஆச்சி அதைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்திருந்தது ஒரு சிவப்புச் சேலை. எனக்கு அதை நன்றாகத் தெரியும். கருப்பம்மாளின் கூறைச்சேலை.

"இது யாருது?"

"என்னுதுதான் ஆச்சி" என்றாள் கருப்பம்மாள். குரல் உடைந்துவிட்டது. "பொட்டி தரையில இருந்து, அடியில தண்ணி ஊறி, அவுக சேலை தெப்பமா நனைஞ்சு கெடந்துச்சு. பொட்டியை மேல ஏத்தி வச்சேன். எடுத்துக் காயப்போடணும்ல. மாத்துச் சேலை குடுக்காம ஒரு பொம்பளை சேலையை எப்புடி எடுக்குறது?"

வயிரவன் செட்டியார் வாயைத் திறந்தார். ஆச்சி கையை உயர்த்தினார்.

"எங்க வீட்டுல உத்தரவு கேக்காம அந்தப் பெட்டியைத் தொட மாட்டோம். நீ கேட்டியா?"

"கேட்டேன் ஆச்சி."

"என்னன்னு கேட்ட?"

கருப்பம்மாள் தரையைப் பார்த்தாள். "'தாயி, நீயும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. நானும் பொழைக்க வந்தவ. எனக்குப் போக வேற எடம் இல்ல. கொஞ்சம் தள்ளிக்க'ன்னு கேட்டேன்."

தேனம்மை ஆச்சி பெட்டியை மூடினார். அந்தச் சிவப்புச் சேலையை வெளியே எடுக்கவில்லை.

"ஏழு புள்ளியும் கூடணும், கேக்கணும்னு அஞ்சு மாசமா ஆளுக்கொரு நாயம் பேசுனோம்" என்றார் கொழுந்தனிடம். "அவ நனைஞ்சுக்கிட்டுக் கெடந்துருக்கா. கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டியவ கேட்டாச்சு. தூக்குங்க, போவோம்."

வயிரவன் செட்டியார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். ஆச்சி கொடியிலிருந்த பச்சைச் சேலையை ஈரத்தோடு மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை கருப்பம்மாள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து விளக்குமாற்றை எடுத்து, அந்த அறையின் சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள்.