பதினோரு வருசம் சொல்லாத பேர்

அங்காளம்மனை நம்பி வந்திருக்கும் எல்லாருக்கும் கும்பிடு. என் வீட்டுக்காரர் உயிரோடு கிடந்தபோதே அவர் செத்துவிட்டார் என்று அழுதவள் நான். அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நாங்கள் சங்கராபுரம் பக்கம் கூலிக்குப் போகிறவர்கள். அந்த ஆடியில் கீழே வேலை இல்லாததால், அவர் கல்வராயன் மலையில் களை வெட்டப் போயிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெரிய பிளேன் அந்த மலையில் மோதி எரிந்தது. நூறு பேர் ஏறுகிற பிளேன்தான். ஆனால் அன்றைக்குப் பயணிகள் இல்லை. ஓட்டப் பழகுகிறவர்களும் பழக்குகிறவர்களுமாக ஐந்து பேர் மட்டும். மேகத்தில் மலை தெரியவில்லையாம்.

பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் காலையில் நான் ஏறிப் போனபோது, அவர் வேலை செய்த காட்டுக்கு மேலே மரமெல்லாம் கரிந்து, பாறை சரிந்து கிடந்தது. கூட வேலை செய்தவர்கள் மூலைக்கு ஒருவராக ஓடிப்போயிருந்தார்கள். ஐந்து உடலும் கிடைத்துவிட்டதால், தேட வந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். நான் ஒரு ஆபீசரை மறித்தேன்.

"எங்க வூட்டுக்காரர காணோங்க."

"பேரு இன்னாம்மா?"

எனக்கு நாக்கு எழவில்லை. புருசன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணமான அன்றே மாமியார் சொல்லியிருந்தார். பதினோரு வருசமாக ரேஷன் கடையில்கூட பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்ல வைப்பேன். அங்கே தெரிந்த முகம் ஒன்றுமில்லை.

"கூலிக்கு வந்தவருங்க" என்றேன்.

"பேரே சொல்லாம யாரன்னு தேடறது? வூட்டுக்குப் போய்க்கினு இருப்பாரு, போய்ப் பாரும்மா."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தப்பு என் நாக்கு மேல்தான்.

எல்லாரும் போய்விட்டார்கள். கரிந்த மண்ணில் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உயிரைக் கேட்கக்கூட தைரியம் வரவில்லை. "தாயே, உடம்பையாவது காட்டு" என்றுதான் கேட்டேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. செத்தவருக்கு இனிமேல் குறைய ஆயுசு ஏது என்று திடீரென்று தோன்றியது. அந்த நினைப்பைக் கொடுத்தவள் அங்காளம்மன்தான். எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"தங்கராசு! யோவ், தங்கராசு!"

ஏழெட்டுத் தடவை கத்தியிருப்பேன். கீழே பாறை இடுக்கிலிருந்து ஒரு முனகல் வந்தது. கால் நசுங்கி, அரை மயக்கத்தில் கிடந்தார். தேடினவர்கள் சத்தம் எதுவும் அவர் காதில் ஏறவில்லையாம்.

"செத்துப்போன எங்கம்மாதான் கூப்புடறாங்கன்னு நெனச்சிகினேன்" என்றார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பொம்பளை என் மாமியார் மட்டும்தான்.

கீழே ஓடி ஆள் கூட்டி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கே வலது காலை எடுத்துவிட்டார்கள். இனி அவரால் வேலைக்குப் போக முடியாது. என் கூலியில்தான் நாலு வயிறு நிறைகிறது, சில நாள் நிறைவதும் இல்லை. அந்த ஐந்து பேரையும் அவரவர் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் அழுதிருப்பார்கள். பதில் வந்திருக்காது. ஏன் எனக்கு மட்டும் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் பேர் தெரியாததால், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது "அந்த அஞ்சு பேரு" என்று மட்டும் சொல்கிறேன்.

அர்ச்சனைக்கு இப்போது என் வாயாலேயே வீட்டுக்காரர் பேரைச் சொல்கிறேன். பூசாரிக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும். நீங்களும் மனசுக்குள் பூட்டி வைத்திருப்பதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளுக்குக் காது கேட்கும்.

அதோ, படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். பேர் தங்கராசு.