வியாழக்கிழமை இருமல்

என் அம்மா ஞானஸ்நானம் எடுக்காத கிறிஸ்தவப் பெண். சிவகாசியில் எங்களைப் போன்ற வியாபாரக் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. நெற்றியில் குங்குமம் இருக்கும், கழுத்தில் தாலி இருக்கும், பங்குனியில் அம்மனுக்குப் பொங்கலும் வைப்பார்கள். கண்ணை மூடினால் கூப்பிடுவது இயேசுவை. வெளியூரில் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். போகட்டும், எனக்கென்ன.

எல்லாம் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததுதான். வீட்டை விட்டு வெளியே போகாத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அங்கிருந்து டீச்சர்கள் தெருத்தெருவாக நடந்திருக்கிறார்கள். ஆண்கள் கடைக்கும் கம்பெனிக்கும் போன பிறகு மத்தியானத்தில் வருவார்கள். கல்யாணமாகி வந்தபோது அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சர் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பைபிளை மடியில் வைத்துத்தான் அம்மாவுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார். எழுத்தோடு சாமியும் கூடவே வந்துவிட்டது.

பெரிய மனுஷியானதும் பெண்பிள்ளைகளை வீட்டில் உட்கார வைப்பதுதான் எங்கள் தெருவில் வழக்கம். அதை உடைத்ததும் அதே டீச்சர்தான். பிள்ளையை அனுப்புகிறோம் என்று வாயால் சொல்லும்வரை வாசலை விட்டு நகர மாட்டார். அந்தப் பிடிவாதத்தால்தான் நான் இன்று மதுரையில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் பொய் சொன்னால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. உள்ளங்கை சிவக்க நான் வாங்கியிருக்கிறேன்.

இருந்தும் அம்மா ஞானஸ்நானம் கேட்கவில்லை. எடுத்திருந்தால் என்னைச் சொந்தத்தில் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். அப்பா கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். ஊர் வாய்க்கு அவல் கிடைத்திருக்கும். அதனால் வியாழக்கிழமை மூன்று மணி மட்டும் அவளுக்கு என்று ஆனது. டீச்சர் வருவார், தணிந்த குரலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். நான் சின்னதில் வாசற்படியில் காவல் இருப்பேன்.

அப்பா திரும்பி வரும்போது தெருமுனையிலேயே இருமுவார். பெரிய இருமல், தெருவுக்கே கேட்கும். உடனே டீச்சருடைய பைபிள் வயர்கூடைக்குள் முருங்கைக்கீரைக்கு அடியில் போகும், அம்மாவுடையது அரிசி டிரம்முக்குள் போகும். அப்பா உள்ளே வரும்போது பேச்சு கீரை விலையில் இருக்கும். "வாங்க டீச்சர், காப்பி குடிச்சீகளா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சட்டையைக் கழற்றுவார். எங்கள் கம்பெனி காலண்டர் அடிக்கும் அச்சாபீஸ். மை வாடை நெஞ்சைப் பிடித்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன். டாக்டரிடம் காட்டுங்கள் என்று எத்தனையோ தடவை நச்சரித்திருக்கிறேன், சிரித்து மழுப்பிவிடுவார்.

வருஷக் கடைசியில் சர்ச்சுக்கு பைபிள் வசனக் காலண்டர் அடிக்கும் ஆர்டர் ஒன்று வரும். ஒவ்வொரு வருஷமும் அதில் ஒன்றைக் கொண்டுவந்து, "ஆர்டர்ல மிஞ்சுனது" என்று அடுப்பங்கரையில் போடுவார். அம்மா அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வாள்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு சிவகாசிக்கு வந்து கூடவே இருந்தேன். பார்க்க வருகிறவர்கள் கூட்டம் ஓயாது. அம்மா டீச்சரிடம் சொன்னாள்: "இனிமே வராதீக டீச்சர். வீடு நெறைய சனம் இருக்கு. கடைசி நேரத்துல எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தலகுனிவு வந்துரக் கூடாது." டீச்சர் அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்க ஒளிந்தது போதாதா, சாகும்போதுமா என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். "ஒங்கப்பா பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்பா கட்டிலை ஒட்டி நாற்காலியில் இருந்தார். மூன்று மணி நெருங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பெனி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றார். அம்மாவின் கண் வாசல்வரை அவர் பின்னாலேயே போனது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு மாறியது. "அப்பா எங்க?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள். நான் போன் போட்டேன்.

"எங்க இருக்கீகப்பா? எப்ப வருவீக? அம்மா கேக்குறா."

"நான் மெதுவாத்தான் வருவேன் தாயி. அவசரமே இல்லனு சொல்லு."

என் வாயில் என்னென்னவோ வந்தது. காலண்டர் சீசன், லோடு ஏற்றுகிறாராக்கும், பெண்டாட்டியை விட லோடு பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனைக் கட்டிலில் எறிந்தேன். அம்மாவிடம், இந்தா வந்துகொண்டே இருக்கிறார் என்றேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியே போய்விட்டாள். தெருமுனையில் இருமல் கேட்டபோது அவள் கை என் கைக்குள் சூடாகத்தான் இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். அவள் காலடியில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வரத் தொடங்கியதும் என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டார். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர் வந்துட்டுப் போயிட்டாகளா? ஜெபம் பண்ணாகளா?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்து வந்தது. இவருக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். இருமியது அவர்கள் எடுத்துவைக்க நேரம் கொடுப்பதற்காக. காலண்டர் எந்த வருஷமும் மிஞ்சவில்லை. இன்றைக்கும் கம்பெனிக்குப் போகவில்லை, டீச்சர் எப்போதும்போல் மறுமுனை வழியாக வந்திருப்பார் என்று நம்பி இந்த முனை டீக்கடையில் நின்றிருக்கிறார். டீச்சர் உள்ளே ஜெபம் பண்ண, சின்னதில் போல நான் காவலுக்காகத்தான் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறேன் என நினைத்து அவசரமில்லை என்றிருக்கிறார். இவருக்காக அவள் டீச்சரை வராதே என்றாள். அவளுக்காக இவர் வெளியே போய் நின்றார். பாவி மனுஷி, இரண்டும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

"வந்தாகப்பா. பாடிட்டுத்தான் போனாக" என்றேன்.

"என்ன பாட்டு?"

"அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டுத்தான்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அது போதும் தாயி" என்றார்.

மறுநாள் காலையில் டீச்சர் கம்பை ஊன்றிக்கொண்டு சாவுக்குத் துட்டி கேட்க வந்தார். முன்னால் ஓடிப்போய் என் பொய்யை அவரிடம் சொல்லிவிட எழுந்தேன். என் கையைப் பிடித்து ஒரு அத்தை அழுதுகொண்டிருந்தாள், உதறிவிட்டுப் போவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். கோயில் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நேத்து வந்து அவளுக்காக ஜெபம் பண்ணீகளாம் டீச்சர். உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

எதை ஊர் கேட்டால் அவருக்குத் தலைகுனிவாகிவிடும் என்று அம்மா பயந்தே செத்தாளோ, அதை அவரே சத்தமாகச் சொன்னார். கமிட்டிக்காரர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அம்மாவுக்கு இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றார். "சமாதானமாத்தான் போனா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். பொய் என்னுடையது, உங்களையும் இழுத்துவிட்டேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம், சர்ச்சில் அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணையைத் தான் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னார். எல்லோரும் எழுந்து போய் முழங்கால் போடும்போது அவர் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறாராம். சபையில் கால்வலி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று அழுதேன்.

"மூச்சு விடாத" என்றார். "சொன்ன பொய்யத் தப்புன்னு ஆண்டவர்ட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டாத்தான் நான் அங்கன போய் முழங்கால் போட முடியும். எனக்கு அது தப்புன்னு சொல்ல வாய் வரல."