வாண்டில் ஆற்றில் கிடந்த கைத்துப்பாக்கி

அது உண்மையான துப்பாக்கி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஸ் அமுக்கத்தில் ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. ஆனால் நிறை, நிறம், விசை எல்லாம் அசலைப் போலவே இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல் பாகமான ஸ்லைட் பின்னால் போய்த் திரும்பி வரும். உண்மையான கைத்துப்பாக்கியை இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் வைத்திருக்க முடியாது. இந்த நகலை வாங்குவதற்கே ஒரு விளையாட்டுக் களத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நான் பதிவு செய்திருந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் லண்டனுக்கு வெளியே ஒரு காட்டில், முகமூடி போட்ட கணக்காளர்களும் பல் வைத்தியர்களும் என்னை நோக்கிச் சுடுவார்கள். நானும் சுடுவேன். பிறகு எல்லோரும் ஒன்றாக இருந்து தேநீர் குடிப்போம்.

சுடுவதைவிட எனக்குப் பிடித்தது அதைத் திருத்துவதுதான். கட்டடங்களுக்குக் காற்றோட்டக் குழாய்கள் வடிவமைப்பது என் வேலை. எங்கே அமுக்கம் குறைகிறது, எங்கே காற்று கசிகிறது என்று பார்ப்பதே பிழைப்பு. குளிர் நாளில் துப்பாக்கியின் காஸ் சோர்ந்துவிடும். கனமான ஸ்லைட் பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே ஒரு அட்டவணை போட்டேன். பாரம் குறைந்த அலுமினிய ஸ்லைட். அதற்கேற்ற ஸ்பிரிங். கொஞ்சம் இறுக்கமான உள்குழாய். குண்டைச் சுழலவைக்கும் புதிய ரப்பர். எதிரே நான்கு கட்டங்கள்: ஏன், முன்பு, பின்பு, செலவு. வேறு நிறுவனம் செய்த ஸ்லைட் அப்படியே பொருந்தாது. மெல்லிய மணல்தாளால், ஸ்லைட் ஓடும் இரண்டு தண்டவாளங்களையும் தேய்த்து, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தெரியாமல்.

அப்பா யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். இங்கே வந்து தஞ்சம் கேட்டபோது அவரிடம் கேட்ட கேள்விகளில் பாதி அந்த லேத்தைப் பற்றியது. ஆயுதம் வைத்திருந்தீர்களா? திருத்தினீர்களா? யாருக்காவது உதிரிப்பாகம் கடைந்து கொடுத்தீர்களா? இல்லை, இல்லை, இல்லை. வருடக்கணக்காக வேறு வேறு அறைகளில், வேறு வேறு மொழிபெயர்ப்பாளர்களோடு, அதே கேள்விகள். அம்மாவுக்கும் எனக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவருடையது ஒருமுறை மறுக்கப்பட்டு, இரண்டாவது விண்ணப்பம் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நன்னடத்தை என்று அந்தப் படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியை நினைத்து அப்பா பஸ்ஸில்கூட யாரோடும் உரத்துப் பேசமாட்டார். கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, வேலைக்குப் போகும்போதும் பையில் கொண்டுபோவார். யாராவது சீருடையில் அருகே வந்தால் அவர் கை தானாகப் பைக்குள் போகும், எடுத்துக் காட்ட.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஏன் இதைக் கொண்டுவந்தேன் என்று கேட்கலாம். துப்பாக்கி என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது. தொலைக்காட்சியில் வந்தால் அம்மா சனலை மாற்றிவிடுவா. சின்ன வயதிலிருந்து எனக்கு அதன் மேல் காரணம் தெரியாத ஒரு பயம் இருந்தது. ஒரு பொருளைக் கழற்றி, பாகங்களுக்குப் பெயர் வைத்து, வரிசையாக அடுக்கினால் பயம் குறையும் என்று நம்பினேன். கொஞ்சம் குறைந்துமிருந்தது.

விதிகளும் வைத்திருந்தேன். பூட்டிய பெட்டியில்லாமல் வெளியே கொண்டுபோவதில்லை. களத்தைத் தவிர வேறிடத்துக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டில் பாகங்களைப் பொருத்தி முழுதாகப் பூட்டி வைப்பதில்லை: ஸ்லைடும் குழாயும் மேசைத் தட்டில், பிடியும் விசையும் உள்ள கீழ்ப் பாகம் துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடியில். தட்டில் கிடப்பவற்றைப் பார்த்தால் ஏதோ பம்பின் பாகம் போலத்தான் இருக்கும். அம்மா தூசு துடைக்கும்போது பலமுறை பார்த்திருக்கிறா. ஒருநாளும் கேட்டதில்லை.

சரஸ்வதி பூசையை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் அம்மா வீட்டிலுள்ள புத்தகங்களையும் கருவிகளையும் கும்பத்தின் முன்னால் வைப்பா. தன் தையல் கத்தரிக்கோல், அப்பாவின் பழைய அளவுகோல், என் கல்குலேட்டர். அந்த வருடம் பூசை வார நாளில் வந்தது. அப்பாவுக்குப் பிற்பகல் ஷிப்ட் என்பதால் மத்தியானத்துக்கு முன்னரே செய்ய முடிவு. நான் மேலே என் அறையில் காணொளிக் கூட்டமொன்றில் இருந்தேன். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கமராவில் விழாமல் குனிந்தபடி, "உன்ர வேலைச் சாமானுகளைக் கொண்டு போகட்டே?" என்று கிசுகிசுத்தா. காதில் ஒருவன் குளிரூட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் திரும்பாமல் தலையாட்டினேன்.

கூட்டம் முடிய நாற்பது நிமிடம். திரும்பிப் பார்த்தால் மேசை காலி. தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. சாமிப் படங்களின் முன்னால் கும்பம், அவல், கடலை, சர்க்கரைப் புக்கை. புத்தகங்கள். கத்தரிக்கோல். என் பெட்டி திறந்து கிடந்தது. தட்டில் நான் தேய்த்த தாளின் கறுப்புத் தூள் மட்டும் இருந்தது.

அம்மா குசினி வாசலில் நின்றா. "என்னடி அது? நான் உன்ர ஒபிஸ் சாமான் எண்டெல்லே நினைச்சன். சந்தனமும் வச்சு விட்டிட்டன்."

"எங்க அம்மா?"

"அப்பா கும்பிட வந்தவர். தட்டைப் பாத்தார். பேந்து பெட்டியைக் கிண்டினார். முகம் செத்துப் போச்சு. இருந்து பாகங்களைப் பொருத்திப் பூட்டினார், என்ர பழைய சீலையில சுத்தினார், கடைப் பைக்குள்ள போட்டார், வெளிக்கிட்டிட்டார்."

"பூட்டினவரோ? முழுசாவோ?"

"ஓம். அப்பதான் எனக்கும் விளங்கினது." அம்மா முன்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. "ஆத்தடிக்கு எண்டு சொன்னவர். போனையும் வச்சிட்டுப் போட்டார்."

இதைப் படிப்பவருக்கு ஒன்றை விளக்க வேண்டும். அந்தப் பொருள் என் அறையில் இருந்தவரை ஒரு குற்றமும் இல்லை. தகுந்த காரணம் இல்லாமல் தெருவுக்குக் கொண்டுவந்தால் குற்றம். களத்தில் பதிவில்லாத, விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒரு மனிதர் அதைச் சீலையில் சுற்றி, எங்கள் பகுதியான கோலியர்ஸ் வுட் தெருவால் கொண்டுபோனால், அதற்கு எந்தப் படிவத்திலும் விளக்கம் இருக்காது. அப்பா வளர்ந்த இடத்தில் கணக்கு நேரெதிர். வீட்டில் இருந்தால் வீடே போகும். இராணுவம் சுற்றிவளைக்க முன்னால் எதுவாக இருந்தாலும் கிணற்றுக்குள் போட வேண்டும். இங்கே கிணறு இல்லை. பத்து நிமிட நடையில் வாண்டில் ஆறு இருக்கிறது.

சப்பாத்து நாடா கட்டாமல் ஓடினேன். ஓடும்போது என் மூளை அதன் பழக்கப்படி வரிசை போட்டது. ஒன்று, யாராவது பைக்குள் பார்க்கலாம். இரண்டு, அவர் வெளியே எடுக்கும்போது பார்க்கலாம். மூன்று, பார்த்தவர் பொலிசுக்குப் போன் அடிக்கலாம். நான்கு, ஆயுதம் ஏந்திய பொலிஸ் வந்து ஆங்கிலத்தில் கத்தினால், அப்பா செய்யக்கூடியது ஒன்றுதான்: விளக்கம் சொல்வதற்காகப் பைக்குள் கைவிடுவார். ஐந்தாவதை நான் எழுத விரும்பவில்லை. அன்றும் நினைக்க விரும்பாமல்தான் ஓடினேன். ரயில் நிலையத்தருகே ஒரு சைரன் கேட்டது. அம்புலன்ஸ். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மறுபடி ஓடினேன்.

மரப் பாலத்தருகே அவர் நின்றார். ஒரு கையில் கடைப் பை, மற்றதில் வெறும் சீலை. நன்றாக மடித்திருந்தார்.

"அப்பா."

"ஏன் வந்தனி? போ வீட்ட. நீ இஞ்ச நிக்கக்கூடாது."

"போட்டிட்டீங்களோ?"

அவர் ஆற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிணற்றில் போட்டது மறைந்துவிடும். வாண்டில் முழங்காலளவு ஆறு. தண்ணீர் கண்ணாடி போல. கூழாங்கற்களின் மேல், குழாய் எங்களைப் பார்த்தபடி, என் துப்பாக்கி முழுதாகக் கிடந்தது. அந்த வாரம் முழுக்க நான் பாகம் பாகமாகவே பார்த்த பொருள். முழுதாகப் பார்த்தபோது பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது.

"தண்ணி கலங்கலா இருக்குமெண்டு நினைச்சன்," என்றார். சின்னப்பிள்ளையின் குரல்.

"வீட்டில இருந்தா ஒரு பிழையும் இல்லையப்பா. என்னட்டப் பதிவு இருக்கு. அது விளையாட்டுச் சாமான். வெளியில கொண்டு வந்ததுதான் பிழை."

"அப்பிடியும் ஒரு சட்டமோ?" உண்மையிலேயே வியந்து கேட்டார். பிறகு, "வந்து பாத்தா நான் என்ன சொல்லுறது பிள்ளை? எத்தினை தரம் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர் வரப்போயினம்?"

"வருவினம். பூசை நாள் பாத்துத்தான் வாறவங்கள்."

நான் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையோடு இறங்கினேன். குளிர் எலும்பைத் தொட்டது. நான்கு அடி போயிருப்பேன், ஒரு பெரிய பழுப்பு நாய் என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் பாய்ந்தது. பின்னால் மழையங்கி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். ஏதாவது விழுந்துவிட்டதா கண்ணே, என்று கரையிலிருந்து கேட்டா. "போன்," என்றேன். நாய் நேரே அந்த இடத்துக்குத்தான் போனது. மூக்கை விட்டது. நான் மூச்சை விடவில்லை. பிறகு அது சுழன்று சுழன்று குதித்துச் சேற்றைக் கிளப்ப, அப்பா எதிர்பார்த்த கலங்கல் தண்ணீர் கிடைத்தது. அந்தப் பெண் நாயை மூன்று முறை திட்டி, என்னிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, அரிசிக்குள் போட்டு வைத்தால் போன் சரிவரும் என்று சொல்லிவிட்டுப் போனா. அப்பா சிரித்த முகத்தோடு கையசைத்தார். அந்தச் சிரிப்பு எத்தனை காவலரண்களில் பழகியது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

தடவி எடுத்தேன். சீலையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். சுற்றும்போது விரல் ஸ்லைடில் பட்டது. ஒரு வாரமாகத் தேய்த்தும் எனக்கு இடது பக்கம் இறுகிக்கொண்டிருந்த ஸ்லைட் சரியாக உட்கார்ந்திருந்தது. மெல்ல இழுத்தபோது ஸ்பிரிங்கும் சரியான பக்கமாக இருப்பது தெரிந்தது.

லேத்தில் இருபது வருடம் நின்ற எவரும் அதைப் பூட்டுவார். நானே முதல்முறை ஒரு காணொளியைப் பார்த்துக் கால் மணித்தியாலத்தில் பூட்டினேன். இவை இரண்டும் நல்ல விளக்கங்கள், நான் நம்புகிறேன். அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"முன்னால போங்கோ," என்றேன். "மற்றப் பக்கத்தால. என்னைத் தெரியாத மாதிரி. பை என்னட்டத்தான் இருக்கோணும். ஆரும் கேட்டா நான் பதில் சொல்லுவன், என்ர பேரிலதான் பதிவு."

எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். உடனே தெருவைக் கடந்தார். அப்படி நடப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: வேகமும் இல்லை, தாமதமும் இல்லை, கடைக் கண்ணாடிகளில் மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டு. ஈரக் காலுறை சப்பாத்துக்குள் சத்தம் போட நான் இந்தப் பக்கம் நடந்தேன். என்னிடமும் தகுந்த காரணம் இல்லை. பூட்டிய பெட்டியும் இல்லை. பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் இரண்டு பேர் பையைப் பார்த்தார்கள்.

எங்கள் தெருவுக்கு முந்திய, பாதசாரிகள் கடக்கும் மஞ்சட்கடவையில் அப்பா நின்றுவிட்டார். கண்ணால் போகச் சொன்னேன். போகவில்லை. வாகனங்கள் எல்லாம் அவருக்காக நின்றன. அவர் நிதானமாகக் கடந்து என் பக்கம் வந்து, பையின் ஒரு காதைப் பிடித்தார்.

"விடுங்கோ அப்பா. ரெண்டு பேரும் பிடிபடக்கூடாது."

"தனிய ஒரு பொம்பிளைப்பிள்ளை தண்ணி ஒழுகிற பையோட போனாத்தான் பாப்பினம்," என்றார், முன்னால் பார்த்தபடி. "ரெண்டு பேர் தூக்கினா மீன் எண்டு நினைப்பினம்."

பையின் மற்றக் காதை நான் பிடித்துக்கொண்டேன். ஒரே வேகத்தில் எங்கள் தெருவுக்குள் திரும்பினோம்.