அம்மா எல்க் வேட்டைக்குப் போன வருடம்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது அம்மாவுக்கு எல்க் வேட்டைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் குடியேறியிருந்த பிளேனோ ஊரில் எங்களுக்குத் தெரிந்த மற்ற அம்மாக்களுக்கு இன்னும் பெரிய வீடு வாங்கத் தோன்றியது, பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்க்கத் தோன்றியது. எங்கள் வீட்டில்தான் இப்படி.

எல்க் என்பது ஒரு மான். ஆண் என்றால் குதிரை உயரம் இருக்கும். கொம்பின் உயரம் தனி. வால்பாறைப் பக்கம் கடமான் பார்த்தவர்கள் அதை இன்னும் பெரிதாக நினைத்துக்கொள்ளலாம். அதைத் தேடிக் கொலராடோ மலைக்குப் போக வேண்டும். அம்மாவோடு வேலை பார்த்த டெபி என்ற பெண்ணின் அப்பாவுக்கு அங்கே நிலம் இருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடக் கூடாது என்று அம்மாவும் டெபியும் பழைய புரோகிராம்களை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்த காலம். அந்த வேலையின் சலிப்பில்தான் டெபி ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் துப்பாக்கி சுடும் இடத்துக்கு அழைத்துப் போனார். அம்மா சுட்டதைப் பார்த்துவிட்டு, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாராம். கோயமுத்தூரில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் என்று அம்மா சொன்னாளாம்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா இதைச் சாதாரணமாகச் சொல்ல, அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் கேள்விப்படாத செய்தி அது.

"எங்கிட்ட ஏன் சொல்லவேயில்ல?"

"நீங்க கேக்கலைங்க" என்றாள் அம்மா.

நவம்பரில் சீசனின் கடைசி வாரத்துக்கு டெபி ஏற்பாடு செய்தார். ஆண் எல்க் ஒன்றைச் சுடலாம் என்று அனுமதியும் வந்தது. அதற்கு முன் அம்மா வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் என் வயதுப் பையன்கள். அதில் ஒருவன் என் வகுப்பிலேயே படித்தான். உன் அம்மா எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிறாள் என்று திங்கட்கிழமை என்னிடம் வந்து சொன்னான். நான் மதியச் சாப்பாட்டை வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாமல் இருக்கப் போட வேண்டிய பளீர் ஆரஞ்சு மேல்சட்டையை அம்மா வாங்கி வந்து கண்ணாடி முன் போட்டுப் பார்த்தாள். சாமியாராகப் போகிறாயா என்று அப்பா கேட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றி மடித்து வைத்தாள். அந்த மாதங்களில் அவளிடம் எனக்குப் பிடிக்காமல் போனது இந்தப் பதில் சொல்லாத குணம்தான். சண்டை போட்டிருந்தால் நானும் அப்பாவும் ஜெயித்திருப்போம்.

மலையில் மூச்சு வாங்குமாம். எங்கள் ஊரோ தோசைக்கல் மாதிரித் தட்டை. ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. அம்மா கண்டுபிடித்த மலை, உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் காலரிப் படிகள். டெபி கொடுத்த முதுகுப்பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, சல்வார் கமீசும் கனத்த பூட்ஸுமாக மேலே ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் இழுத்துப் போவாள். கீழே மைதானத்தில் பள்ளி பேண்ட் குழு பயிற்சி செய்துகொண்டிருக்கும். அடுத்த வருடம் அந்தக் குழுவில் கிளாரினெட் வாசிக்கச் சேர வேண்டும் என்பது அப்போது என் வாழ்க்கையின் ஒரே லட்சியம்.

ஒருநாள் மூட்டை பிரிந்துவிட்டது. அம்மா உச்சிப்படியில் இருந்தாள். பையின் அடியிலிருந்து அரிசி கொட்டத் தொடங்கி, அலுமினியப் படிகளில் சடசடவென்று மழை மாதிரிச் சத்தத்தோடு இறங்கி வந்தது. பேண்ட் குழு வாசிப்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது. டிரம்பெட் பையன் ஒருவன், யாருக்குக் கல்யாணம் என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிறகு டிரம் அடிப்பவர்களில் இரண்டு பேர் துடைப்பம் கொண்டுவந்து அவளோடு சேர்ந்து கூட்டினார்கள். நான் காரில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை சமையலறைக்கு வந்தது. எல்குக்கு மோப்பம் அதிகமாம். மனித வாடையே ஆகாது என்றால் எங்கள் வீட்டு வாடைக்குக் கேட்கவே வேண்டாம். டெபி விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அம்மா அக்டோபரிலிருந்து வீட்டுக்குள் தாளிப்பை நிறுத்திவிட்டாள். வாசனை இல்லாத சோப்பில் துணிகளைத் துவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கராஜில் வைத்தாள். தாளிக்காத சாம்பாரும் பெருங்காயம் இல்லாத ரசமும் மேஜைக்கு வந்தன. சில நாள் பொறுத்துப் பார்த்த அப்பா ஒரு கேம்பிங் அடுப்பை வாங்கி வந்து, கொல்லைப்புறத்தில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நின்று கடுகு தாளிக்க ஆரம்பித்தார். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தார்.

உண்மையான சண்டை தீபாவளியால் வந்தது. அந்த வருடம் பண்டிகை சரியாக வேட்டை வாரத்தில் விழுந்தது. ஹூஸ்டனிலிருந்து அத்தை குடும்பத்தோடு வருவதாக முன்பே பேச்சு. அம்மா ஊரில் இருக்க மாட்டாள் என்று தெரிந்ததும் அத்தை போனில் அப்பாவிடம் பேசிய பேச்சு, போனுக்கு வெளியேயும் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக ஒரு பொம்பளை உயிரைக் கொல்லப் போவதா என்றார். அத்தை வீட்டில் தீபாவளிக்கு எப்போதும் ஆட்டுக்கறிதான். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

போனை வைத்துவிட்டு அப்பா அம்மாவிடம், அடுத்த வருடம் போகலாமே என்றார். குரலை உயர்த்தவில்லை. கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

அம்மா பூட்ஸுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு தீபாவளி நான் இருந்தேங்க. இந்த ஒண்ண நீங்க பாத்துக்குங்க" என்றாள்.

அப்பா கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்தவர், அந்த மலையில் எவ்வளவு குளிர் இருக்கும் என்று கேட்டார்.

கிளம்பும் நாளில் டெபியின் டிரக் வாசலில் வந்து நின்றது. எல்க் ஊளையிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைக் கூப்பிட ஊதுகுழல் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அம்மா நிஜமாகவே பதில் சொன்னாள். "இப்ப ஊதினா வராது கண்ணு. அது சத்தம் போடற காலம் முடிஞ்சுபோச்சு. இப்ப ஒதுங்கி நின்னு தின்னு, உடம்பத் தேத்திக்கும்." அப்பா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, டிரக்கில் ஏறி உட்கார்ந்திருந்த அவள் மடியில் வைத்தார். புளியோதரை. பெருங்காயம் போடலை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தீபாவளியை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனது. அத்தை வந்திருந்த இரண்டு நாளும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குப் போனார்.

அம்மா திரும்பி வந்தபோது மூக்குத் தோல் உரிந்திருந்தது. ஒரு கால்விரல் நகம் கறுத்திருந்தது. டிரக்கில் பெரிய ஐஸ் பெட்டிகள் நிறையக் கறி. "கெடச்சுது. குளிருதான் தாங்கல" என்றாள். குளித்துவிட்டுப் படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தாள். அதற்குள் அப்பா கறியில் மிளகு வறுவல் செய்துவிட்டிருந்தார், வீட்டுக்குள்ளேயே, எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகு எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வீடு பனியின் ஆழம் கூடியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் அது இடுப்பளவுக்கு வந்துவிட்டது. எல்க் அம்மாவை முட்ட வந்ததாகவும் ஒரு வீட்டில் சொன்னார். அங்கிள்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அம்மா ஆன்ட்டிகளோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

அன்று திரும்பும்போது காரை அம்மா ஓட்டினாள். அப்பா பின்னால் தூங்கிப்போயிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அப்பா சொல்றது எல்லாமே ராங். நீ ஏன் கரெக்ட் பண்ணவே மாட்டேங்கற?"

"சொல்லிட்டுப் போறாரு விடு. அது அவரு போன வேட்டை. நான் போனது எங்கிட்டயே இருக்கு."

அப்படியென்றால் எனக்காவது சொல் என்றேன். பனி எவ்வளவு இருந்தது, எல்க் எங்கே நின்றது, சுடும்போது பயமாக இருந்ததா. அம்மா கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, லேன் மாறினாள். ஃப்ரீவே வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து அல்ல.

என்னிடமிருந்து எதையோ மறைக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறைப்பது வேறு, தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்வது வேறு என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அம்மாக்களிடம் அப்படியும் ஏதாவது இருக்கும் என்பதே தெரியாது.