எலிக்குச் சரியாகிவிட்டது

திருவொற்றியூரில் ரயிலேறி எதிரே உட்கார்ந்தவர், பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தார். என் மடியில் கிடந்த மகனின் துவண்ட கால்களைப் பார்த்ததும் அவரே பேச ஆரம்பித்தார்.

"இதே வியாதிக்குத்தான் ஆராய்ச்சி பண்றேன். வைரஸ்ல நோய் குடுக்கற பாகத்தை எடுத்துட்டு, நல்ல ஜீனை ஏத்தி உடம்புக்குள்ள அனுப்புறோம். எலிக்குச் சரியாயிடுச்சு."

"நெஜமாவா சார்? எலி நடந்துகினு கீதா?" என்றாள் என் மனைவி.

"ஓடுதும்மா."

"எம் புள்ளைக்கு எப்ப சார் போடுவீங்கோ?"

மூடி கைதவறி விழுந்தது. பீச் ஸ்டேஷன் வரை போவதாகச் சொன்னவர் வண்ணாரப்பேட்டையிலேயே இறங்கிவிட்டார். புளுகன் என்று முணுமுணுத்தேன்.

வண்டி நகர்ந்தபோது பார்த்தேன். அவர் ஸ்டேஷனை விட்டு வெளியே போகவில்லை. மூடியில்லாத பேனாவைத் திருகியபடி அதே பிளாட்பாரத்தில் அடுத்த வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார்.